திருத்த அறிக்கை

மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து, செத்தவர் எப்படிச் செத்தார் என்று சட்டப்படி சொல்லக்கூடிய டாக்டர் ஒருவர்தான் இருந்தார். பெண், நாற்பத்தாறு வயது. ஊரில் அவரைப் பற்றிப் பேசும்போது 'பிணவறை டாக்டரம்மா' என்பார்கள். அவரே எதிரில் வந்துவிட்டால் முன்பாதியை விழுங்கிவிட்டு 'வணக்கம் டாக்டரம்மா' என்பார்கள்.

பதினேழு வருடமாக அவர் வேலை பார்த்த கட்டடம் ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், சலவைக்கூடத்துக்கும் குப்பை எரிக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்தது. உள்ளே இரண்டு கல் மேசை, ஒரு குழாய், ஒரு ரம்பம். கதவு இரண்டு உண்டு, அதில் ஒன்று திறக்காது. வெயில் காலத்தில் ஐஸ் கட்டி வந்தால் உடம்பு தாங்கும், வண்டி வராவிட்டால் தாங்காது. அங்கே அவருக்குக் கூடமாட இருந்தவர் ஐம்பது வயது தாண்டிய உதவியாளர். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும், அதனால் அவர் பெயரே 'சாவி' ஆகிவிட்டது. "இது சாவியில இருந்து வந்த பேரா, சாவுல இருந்து வந்த பேரா?" என்று புதிதாக வரும் போலீஸ்காரர்கள் கேட்பார்கள். "ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறப்பார்.

அந்த வருடம் தலைநகரில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டின் சட்ட மருத்துவத் துறையை வலுப்படுத்த ஒரு சர்வதேச அமைப்பும் இரண்டு வெளிநாட்டு அரசாங்கங்களும் உதவப் போவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். இப்படிப் பல ஒப்பந்தங்களைப் பார்த்தவர் அவர். ஆனால் இந்த முறை ஐந்தே மாதத்தில் லாரி வந்தது. குளிர் அறைக்கான கதவும் சுவர்களும் தனித்தனியாக வந்தன. எக்ஸ்ரே வந்தது. திசுவை மெழுகில் பதித்து, வெங்காயத்தோலை விட மெல்லிசாகச் சீவுகிற இயந்திரமும், நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றும் வந்தன. ஆட்கள் வந்து பத்து நாளில் எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் போனார்கள். திறக்காத கதவைக்கூடத் திறக்க வைத்தார்கள்.

குளிர் அறை ஓட ஆரம்பித்த அன்று சாவி உள்ளே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"செத்தவங்களுக்கு ஏசி போட்டாச்சு. இருக்கறவங்களுக்கு எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க டாக்டர்."

"முதல்ல செத்துக் காட்டுங்க, எழுதிப் போடறேன்" என்றார் டாக்டரம்மா.

இயந்திரங்களுக்குப் பின்னால் ஆள் வந்தது. வெளிநாட்டு டாக்டர் ஒருவர், அறுபது வயதை ஒட்டிய பெண், கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். முதல் நாளே சாவி அவருக்கு 'நெட்டையம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். இரண்டு வாரப் பயிற்சி. பல ஊர்களிலிருந்து பன்னிரண்டு டாக்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு இந்தத் துறையில் படிப்பே கிடையாது. தங்கள் ஊரில் வேறு ஆளில்லாததால் பிரேதப் பரிசோதனை செய்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் டாக்டரம்மாதான் பெரியவர், படித்தவர். நெட்டையம்மா ஏதாவது கேட்டால் மற்றவர்கள் திரும்பி டாக்டரம்மா முகத்தைப் பார்ப்பார்கள்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நான்காம் நாள் காலை, பிறந்த குழந்தைகளின் மரணம் பற்றிய பாடம்.

ஒரு குழந்தை செத்துக் கிடக்கிறது. அது உயிரோடு பிறந்து பிறகு செத்ததா, செத்தே பிறந்ததா? கோர்ட் கேட்கிற முதல் கேள்வி இதுதான். உயிரோடு பிறந்தது என்றால் கொலை வழக்கு, செத்தே பிறந்தது என்றால் வழக்கே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. நுரையீரலை எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். குழந்தை மூச்சு விட்டிருந்தால் காற்று புகுந்திருக்கும், மிதக்கும். மூச்சு விடாவிட்டால் கல்லாய் மூழ்கும். இயந்திரம் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதும். டாக்டரம்மாவும் அப்படித்தான் செய்துவந்தார்.

நெட்டையம்மா பலகையில் ஒரு வாளி வரைந்தார். பிறகு அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்றார். உடம்பு கெட ஆரம்பித்துவிட்டால் உள்ளே வாயு உண்டாகும், மூச்சே விடாத நுரையீரலும் மிதக்கும். யாராவது பதறிப்போய்க் குழந்தையின் வாயில் ஊதியிருந்தாலும் மிதக்கும். இந்த ஒரு சோதனையால் எத்தனையோ நாடுகளில் குற்றம் செய்யாத தாய்மார்கள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள், என் நாட்டிலும்தான் என்றார்.

மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். டாக்டரம்மாவின் பேனா நகரவில்லை. இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர் படித்த புத்தகத்திலேயே இருந்தது, பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு விட்டது.

அவர் அந்தச் சோதனையை வைத்து எழுதிய அறிக்கைகள் ஏழு. ஆறில் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதியிருந்தார். ஏழாவது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு, வெயில் மண்டையைப் பிளந்த மாதம். பத்தொன்பது வயதுப் பெண், ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தவள். கர்ப்பத்தை யாருக்கும் தெரியாமல் மறைத்து, சாமான் அறையில் தனியாகப் பெற்றிருக்கிறாள். குழந்தையைத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். வாடை வந்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. போலீஸ் காகிதமெல்லாம் முடிந்து பிணவறைக்கு வர இன்னொரு நாள். அன்று ஐஸ் வண்டியும் வரவில்லை. நுரையீரல் மிதந்தது. 'உயிரோடு பிறந்து, மூச்சடைத்து இறந்தது' என்று டாக்டரம்மா எழுதினார். கூண்டில் ஏறியும் அதையே சொன்னார். தடுமாறாமல் சாட்சி சொன்னதாக நீதிபதி தீர்ப்பிலேயே பாராட்டியிருந்தார். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று அவருடைய மேசை இழுப்பறையில் இன்னும் இருந்தது.

பாடம் நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் சமையலறையில் முட்டைகளைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் அக்கா அவர். புருஷன் போன பிறகு இவர்களோடுதான் இருக்கிறார். டாக்டரம்மா குளித்துவிட்டு வந்தாலொழிய பக்கத்தில் உட்கார விடமாட்டார், ஆனால் அன்றன்று நடந்ததைக் கேட்காமல் தூங்கவும் மாட்டார்.

டாக்டரம்மா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். மிதப்பது, மூழ்குவது, வாயு எல்லாம்.

நாத்தனார் பாத்திரத்தில் மிதந்த ஒரு முட்டையை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இதைச் சொல்லவா அவ்வளவு தூரத்துலேர்ந்து ஆள் வரணும்? கெட்டுப்போனா மிதக்கும்னு எனக்கே தெரியுமே."

சொன்ன பிறகுதான் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, வழக்கத்துக்கு மாறாக, பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"தெரியல, அண்ணி."

"எத்தனை வருஷம் போட்டாங்க?"

"பன்னெண்டுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

சாட்சி சொல்லி இறங்கியதோடு அந்தப் பெண்ணைப் பற்றி டாக்டரம்மா விசாரித்ததே இல்லை. விசாரிப்பது அவர் வேலையும் இல்லை. ஆனால் அந்தச் சமாதானம் அன்றைக்கு எடுபடவில்லை.

மறுநாள் பயிற்சிக்கு அரைமணி முன்னதாகவே போய்ச் சாவியைப் பிடித்தார்.

"எட்டு வருஷத்துக்கு முந்தின ஃபைல் ஒண்ணு வேணும். அதோட திசுத் துண்டு போட்ட ஜாடியும்."

"ஃபைல் இருக்கு." சாவி காதைச் சொறிந்தார். "ஜாடி எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லி நீங்கதான் போன மாசம் லிஸ்ட் கொடுத்தீங்க. புது அலமாரி வருது, பழசெல்லாம் கிளியர் பண்ணுங்கன்னு."

டாக்டரம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுட்டீங்களா?"

"எங்க போட்டேன்? சூப்பரிண்டெண்ட் கையெழுத்து இல்லாம நான் ஒரு துரும்பைக்கூட எறிய மாட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையில விடியும். மூணு வாட்டி அலைஞ்சேன், மனுஷன் சீட்டுல இல்ல. எல்லாம் மூட்டையா பின்னாடி கிடக்கு."

சாக்குகளை அவிழ்த்து இருவருமாகத் தேடினார்கள். ஜாடி கிடைத்தது. மருந்துத் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது, மூடி இறுகியிருந்தது, ஒட்டியிருந்த சீட்டில் எண் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே ஐந்து சின்னத் துண்டுகள், இரண்டு நுரையீரல்களிலிருந்தும் வெட்டி எடுத்தவை. அனுப்பிச் சோதிக்க அப்போது எந்த லேபும் இல்லை. ஆனாலும் புத்தகத்தில் எடுத்துவைக்கச் சொல்லியிருந்ததால் எடுத்து வைத்திருந்தார்.

புது இயந்திரத்தில் பழகியிருந்த லேப் பெண் அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, மூன்றாம் நாள் ஸ்லைடுகளாகக் கொடுத்தாள். டாக்டரம்மா முதலில் தானே பார்த்தார். பிறகு தன் கண்ணையே நம்பாமல், எந்த வழக்கு என்று சொல்லாமல் நெட்டையம்மாவிடம் கொடுத்து, என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

நெட்டையம்மா ஐந்தையும் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தார். காற்றறைகள் விரியவே இல்லை என்றார். குமிழ்கள் இருப்பது அறைகளுக்குள் இல்லை, சுவர்களுக்குள். கிருமியால் வந்த வாயு. ஸ்லைடை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அன்று எழுதிய குறிப்பைக் கொடுங்கள் என்றார்.

டாக்டரம்மா ஃபைலைத் திறந்து, தன் கையெழுத்தில் இருந்ததை வரிவரியாக அவர் மொழியில் சொன்னார். தோல் கையுறை போல உரிந்து வந்தது. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. தொப்புள் கொடி பழுப்பும் சிவப்புமாக ஊறியிருந்தது. அன்று இதெல்லாம் வெயிலின் வேலை என்று நினைத்திருந்தார். இப்போது சொல்லச் சொல்லத்தான் அவருக்குப் புரிந்தது. வயிற்றிலேயே பல நாளுக்கு முன்பு இறந்துபோன குழந்தைக்குத்தான் இப்படி இருக்கும்.

பார்த்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், எல்லாவற்றையும் எழுதியும் இருக்கிறார், முடிவை மட்டும் வாளியிடம் விட்டுவிட்டார் என்றார் நெட்டையம்மா. யார் இவர் என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் டாக்டரம்மா.

நெட்டையம்மா மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எழுதுங்கள், நானும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

திருத்த அறிக்கை மூன்று பக்கம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா தலைநகருக்கு பஸ் ஏறினார். துறை இயக்குநர் கெட்டவர் இல்லை. இந்த உதவியைக் கொண்டுவர நான்கு வருடம் அலைந்தவரே அவர்தான். அறிக்கையை முழுவதும் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நேரம் பாருங்க. உதவி பண்றவங்க சார்புல மதிப்பீட்டுக் குழு ரெண்டு மாசத்துல வருது. அடுத்த கட்டம் கிடைக்குமா கிடைக்காதான்னு அவங்கதான் சொல்லணும். இப்பப் போய் நாங்க தப்பா ஒரு ஆளை உள்ள தள்ளிட்டோம்னா?"

"அதான் சார் நடந்திருக்கு."

"ஒண்ணோட நிக்குமா இது? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும். நாடு பூரா அதே வாளியைத்தானே வெச்சிருந்தோம். ஒவ்வொரு வக்கீலும் ஃபைலைத் தூக்கிட்டு வருவான். குழு வந்துட்டுப் போகட்டும். ரெண்டே மாசம்."

"ரெண்டு மாசம் நமக்கு சார். அவளுக்கு அறுபது நாள்."

இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். "நான் வேண்டாம்னு எழுத்துல கொடுக்க மாட்டேன். சரின்னும் கொடுக்க மாட்டேன். புரியுதா?"

புரிந்தது. அவர் தடுக்கவில்லை, தாங்கவும் மாட்டார். வீட்டில் கணவரிடம் சொன்னார். "வேலைக்கு எதுவும் வந்துடாதே?" என்றார் அவர். "வரலாம்" என்றார் டாக்டரம்மா. "சரி. காலைல நான் கொண்டு போய் விடறேன். கோர்ட்டுக்கு பஸ் மாத்தி மாத்திப் போகணும்" என்று சொல்லி ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

கோர்ட் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா அறிக்கையை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"என்ன டாக்டர் இது?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கொடுத்த அறிக்கை தப்பு. அதைத் திருத்திக் கொடுக்கறேன்."

"மேல்முறையீடா?"

"இல்ல."

"மனுவா?"

"இல்ல. தப்பு பண்ணிட்டேன்னு சொல்றேன்."

குமாஸ்தா இழுப்பறையைத் திறந்து வகைவகையான படிவங்களைப் புரட்டினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல அப்படி யாரும் வந்ததில்ல. அதுக்கு ஃபாரம் இல்லையே."

ஒருமணி நேரம் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் அலைந்த பிறகு, பதிவாளரே வெளியே வந்து, வெற்றுத் தாளில் ஒரு முகப்புக் கடிதம் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். முத்திரை குத்தி நகல் கொடுத்தார். இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார். அங்கே இருந்த வக்கீல், முப்பது வயதுப் பெண், நின்றபடியே அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்தார். "இந்தப் பொண்ணு பெண்கள் ஜெயில்ல சலவைப் பகுதியில இருக்கா. போன வருஷம்தான் இவ காய்ச்சலுக்கு வெளி ஆஸ்பத்திரி கேட்டு மனு போடறப்பப் பார்த்தேன். வழக்கைப் பத்திக் கேட்டதுக்குப் பேசவே மாட்டேன்னுட்டா" என்றார்.

வழக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்பட ஐந்து வாரம் ஆயிற்று. விசாரணை அன்று டாக்டரம்மா அதே கூண்டில் ஏறினார். எதிர்ப்பக்கம் இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தேழுதான், பார்த்தால் நாற்பது சொல்லலாம். கைகள் சோப்பில் வெந்து வெளுத்திருந்தன. டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"டாக்டர், இதே இடத்துல, இதே சத்தியம் பண்ணிட்டு, குழந்தை உயிரோட பிறந்துச்சுன்னு சொன்னீங்க. இன்னிக்கு இல்லைங்கறீங்க. எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல. அன்னிக்குச் சொன்னது தப்பு."

"அன்னிக்கு நிச்சயமாத் தெரியும்னு சொன்னீங்களே."

"தெரியாததைத் தெரியும்னு நினைச்சேன். தெரியலன்னு எழுதியிருக்கணும். எழுதல."

"நாளைக்கு இன்னொரு மெஷின் வந்தா இதையும் மாத்துவீங்களா?"

"மாத்த வேண்டி வந்தா வந்து சொல்லுவேன். ஆனா இதுக்கு மெஷினே தேவையில்லீங்க. அன்னிக்கு என் கையால எழுதின குறிப்புலயே பதில் இருக்கு. நான்தான் அதைச் சரியாப் படிக்கல."

நீதிபதி அந்தப் பழைய குறிப்பை வாங்கிப் படித்தார். நெட்டையம்மாவின் அறிக்கையையும் படித்தார். அரசு வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து, உடனே விடுதலை.

தீர்ப்பு அன்று டாக்டரம்மா போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. போனார். வராந்தாவில் அவளும் அவளுடைய அக்காவும் சட்ட உதவி வக்கீலுக்காகக் காத்திருந்தார்கள். அக்காவின் தோளில் ஒரு பெரிய துணிப்பை. இருவரும் அழுது முடித்திருந்தார்கள் போலிருந்தது.

டாக்டரம்மா கிட்டே போய் நின்றார். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் கோத்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"நான் பண்ணது பெரிய தப்பு" என்றார்.

அக்காதான் பதில் சொன்னாள். "எட்டு வருஷம் டாக்டர். எங்க அம்மா இவளை நினைச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாங்க. முகம் பார்க்கக்கூட இவளை விடல. உங்க புது மெஷின்ல போட்டு அதைத் திருப்பித் தர முடியுமா?"

"முடியாது" என்றார் டாக்டரம்மா.

"அப்புறம் என்ன? வழி விடுங்க."

டாக்டரம்மா ஒதுங்கினார். அக்கா நடந்தாள். தங்கை நடக்கவில்லை. முதல் முறையாக டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"நான் கழுத்தை அமுக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா அப்ப மயங்கிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. முழிச்சுப் பார்க்கறப்ப அது என் இடுப்புக்குக் கீழ இருந்துச்சு." நிறுத்தினாள். "நான் அது மேல படுத்துட்டேனோ? என் உடம்பு அமுக்கித்தான் செத்துச்சோ? ஜெயில்ல எல்லாரும் நீ பண்ணலன்னாங்க. எனக்குத்தான் நிச்சயமாத் தெரியல. அதான் யார்கிட்டயும் பேசல."

எட்டு வருடச் சிறை என்றுதான் டாக்டரம்மா கணக்கு வைத்திருந்தார். இது அவர் கணக்கிலேயே இல்லை.

"இல்லம்மா" என்றார். அறிக்கையில் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நீ படுத்ததால இல்ல. நீ எதுவும் பண்ணாததாலயும் இல்ல. உனக்கு வலி எடுக்கறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே, உள்ளயே போயிடுச்சு. அது பிறக்கறப்ப அதுக்கு எதுவும் தெரியாது. மூச்சே விடல. இது நான் நினைக்கறது இல்ல, பார்த்தது. இன்னொருத்தரும் பார்த்தாங்க."

"நாலஞ்சு நாள்."

"ஆமா."

"அந்த வாரம் அசையவே இல்ல" என்றாள் அவள், தனக்குத்தானே. "தூங்குதுன்னு நினைச்சேன்."

வராந்தாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அக்கா பையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். டாக்டரம்மா குனிந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டிலை வாங்கித் தங்கைக்குக் கொடுத்தாள்.

தண்ணீர் குடித்த பிறகு அவள் இன்னொன்றும் கேட்டாள். குழந்தையை எங்கே புதைத்தார்கள்? டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து சாவிக்குப் போன் போட்டார். சாவி யோசிக்கவில்லை. "நகராட்சி இடுகாட்டுல தெற்கு மூலை. நான்தானே கொண்டு போனேன். அந்த வருஷம் அங்க சின்னது மூணு. கட்டைல நம்பர் அடிச்சு வெச்சேன், கட்டை இருக்காது, இடம் எனக்குத் தெரியும். கூட்டிட்டு வாங்க" என்றார்.

வக்கீல் வந்துபோனதும், வழியில் சாவியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் நான்கு பேராகப் போனார்கள். சாவி முன்னால் நடந்து, சுவரிலிருந்து அடி வைத்து எண்ணி, ஒரு இடத்தில் நின்று, "இது" என்றார். மூன்றில் இது என்று எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். "மத்த ரெண்டும் பொட்டப் பிள்ளைங்க, அந்தப் பக்கம். ஆம்பளைப் பிள்ளை இது ஒண்ணுதான், சுவரோரம்" என்றார். தங்கை அங்கே புல்லின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தட்டிய பிறகு கொஞ்சம் மண்ணை மறுபடி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

மதிப்பீட்டுக் குழு வந்தபோது இந்த விஷயம் பேப்பரிலேயே வந்து நாறியிருந்தது. இயக்குநர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கவில்லை. குழுவிடம் முதலில் அதைத்தான் சொன்னார். ஏன் சொன்னார் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். அடுத்த கட்ட உதவி கிடைத்தது, கேட்டதில் பாதிதான். அதோடு ஒரு நிபந்தனை: நாடு முழுவதும் தண்ணீர்ச் சோதனையை வைத்துத் தீர்ப்பான வழக்குகளை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொன்று. அதில் முப்பதுக்கு ஜாடி இல்லை, குறிப்பும் இல்லை. இல்லாததை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. மீதிப் பதினொன்று டாக்டரம்மாவின் மேசைக்கு வந்தன. உடன் பார்க்க, பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில் இருவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இயக்குநர் அவரிடம் அதற்குப் பிறகு சிரித்துப் பேசவில்லை, ஆனால் கேட்ட ஆளைக் கொடுத்தார். நெட்டையம்மா ஊருக்குத் திரும்பியபின் மாதம் ஒருமுறை கணினித் திரையில் வந்து ஸ்லைடுகளைப் பார்த்தார். அந்தப் பதினொன்றில் நான்கு அறிக்கைகள் சரியானவை என்று ஆயிற்று. மூன்று தப்பு. மற்றவை பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியே எழுதினார்கள்.

சாவி பழைய ஜாடிகளுக்குப் புது எண் ஒட்டிப் புது அலமாரியில் அடுக்கினார். எறிவதற்கான பட்டியலை டாக்டரம்மாவே கிழித்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். அக்காவின் ஊரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாளாம். சலவை வேலை இனிமேல் ஜென்மத்துக்கும் வேண்டாம் என்றாள். குழந்தைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாள். நகராட்சியில் டாக்டரின் கையெழுத்து கேட்டார்களாம். அப்போது போட்டிருந்த பதிவில் 'கொலை' என்று இருக்கிறதாம்.

டாக்டரம்மா படிவத்தை எடுத்தார். இறந்து பிறந்த குழந்தைக்குத் தனிப் படிவம் உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. தேதி, இடம், ஆண், தாயின் பெயர், எல்லாம் எழுதினார். 'பிறந்தபோது உயிர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தாள்.

"காரணம்னு போட்டிருக்கே, அங்க எதுவும் எழுதல."

"உள்ள ஏன் போச்சுன்னு தெரியலம்மா. கண்டுபிடிக்க முடியல."

"தெரியலன்னு எழுதுங்க" என்றாள் அவள். "வெறும்னே விட்டா, பின்னாடி யாராவது எதையாவது எழுதிருவாங்க."

டாக்டரம்மா 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். மை உலரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, டாக்டரம்மாவும் எதிர்பார்க்கவில்லை. "பதினொண்ணரை பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சலவைக்கூடத்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போனாள்.